ஆர், ஆள், ஆன்

புத்தகத்தின் பெயர் ‘சாதனை மங்கையர்’. நான்காம் பக்கம் வருவதற்குள்ளேயே மெய்ப்புப் பார்ப்பவருக்குக் குமட்டிவிட்டது. நாற்பது பெண்கள். வானத்தை அளந்தவர், பாலம் கட்டியவர், கப்பல் ஓட்டியவர் என்று ஒருவருக்கொருவர் சளைத்தவர் இல்லை. ஆனால் அத்தனை பேரும் பிறந்தாள், படித்தாள், கண்டுபிடித்தாள். அவர்களுடைய புருஷன்மாரோ, ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடாத மகராசன்கள், வந்தார், பார்த்தார், மனைவியை அனுமதித்தார். அனுமதித்தாராம்! தூ.

இருபத்தேழாம் அத்தியாயம் மெய்ப்புப் பார்க்கும் இவருடைய அம்மா. ஊரே வாந்திபேதியில் சுருண்டபோது வீடுவீடாக ஏறி இறங்கி, எந்தக் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று கண்டுபிடித்த டாக்டர். இப்போது எண்பது வயது. புத்தகம் வந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறார். அவர் கையில் இதையா கொடுப்பது?

சிவப்பு மையால் எல்லா ‘ஆள்’ விகுதியையும் ‘ஆர்’ ஆக்கினார். பதிப்பாசிரியர் ஒன்று விடாமல் பழையபடி மாற்றித் திருப்பி அனுப்பினார்.

“என்னம்மா இது, வந்தார் போனார்னு? ‘ஆள்’னு போட்டாத்தான் ஒரு பாசம் வருது. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி.”

“என் அம்மா உங்களைவிட இருபது வயசு பெரியவங்க சார்.”

“அதனால என்ன? பொண்ணு பொண்ணுதானே?”

பாசமாம். இவரும் விடவில்லை. ஒரு வாரம் வாதாடினார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

கடைசி மெய்ப்பு போனது. சிறிது நேரத்தில் பதிப்பாசிரியரின் அறையிலிருந்து கூச்சல். பின்னட்டையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு இப்படி இருந்தது: பிறந்தான், படித்தான், முப்பது நூல்கள் எழுதினான்.

“என்னை அவன் இவன்னு போட்டிருக்கே! மரியாதைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார். அதைத்தான் ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரர் சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினார். பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்தார். உறைத்துவிட்டது என்றுதான் இவரும் நினைத்தார்.

பேனா மூன்று இடத்தில் இறங்கியது. பிறந்தார், படித்தார், எழுதினார். மூன்றும் பின்னட்டையில். உள்ளே இருந்த நாற்பது பெண்களின் பக்கத்தை அந்தக் கை புரட்டவே இல்லை.

இவர் அருவருப்போடு எழுந்து, ‘மெய்ப்பு’ என்று தன் பெயர் போட்டிருந்த வரியை அடித்துவிட்டு வெளியேறினார்.

பதிப்பாசிரியர் அப்படியே அச்சுக்கு அனுப்பினான். ஆமாம், அனுப்பினான்தான். இதற்குமேல் மரியாதை வராது.