மூன்று சோடி மீசை

கிளெமென்றின் தலைக்கும் தன் மனைவியின் தலைக்கும் நடுவில் நாலு விரல் இடம்கூட இல்லை என்பது நவரத்தினத்தின் கண்ணில் பட்டுவிட்டது. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்து, அதன் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தார். அருந்ததியும் கிளெமென்றும் வெள்ளவத்தை வீட்டின் ஹோலில், நிலத்தில் உட்கார்ந்து, மீன்தொட்டிக்குள் டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டிக்குள் ஓடித்திரிந்தவை சுண்டுவிரல் நீளக் கெளுத்திகள். கோறி என்று செல்லமாகச் சொல்வார்கள். கடைக்காரன் ஜூலிக் கோறி என்று விற்றது உண்மையிலேயே ஜூலிதானா, அல்லது அதே அச்சில் இருக்கும் மூன்றுகோட்டுக் கோறியா என்பதுதான் அன்றைய வழக்கு. தலையில் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் ஜூலி. ஒன்றோடொன்று சேர்ந்து கோலம்போல ஓடினால் மற்றது. மீனோ ஒரு நொடி நிற்காமல் மணலுக்குள் மூக்கை விட்டுக் கிளறிக்கொண்டு ஓடுகிறது. இவர்களும் விடாமல் அதன் பின்னால் தலையைத் திருப்புகிறார்கள்.

நவரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் தன் தலையில் எங்கே நரைத்தது, எங்கே கொட்டியது என்று இவள் ஒருநாள் டோர்ச் அடித்துப் பார்த்தவளா? பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் அது பொறாமைதான், வேறொன்றுமில்லை.

கிளெமென்றில் குறை பிடிக்கவும் வழியில்லை. அருந்ததி வேலை செய்யும் காப்புறுதிக் கந்தோரில் அவனும் வேலை. கொட்டாஞ்சேனையில் வீடு, மனைவி மரியகொறற்றி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவான், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைப்பான், அருந்ததியை ‘மிஸ்’ என்பதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டான். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைப்பான். அந்த மரியாதைதான் நவரத்தினத்துக்கு இன்னும் எரிச்சல். ஒரு வங்கி முகாமையாளர் தன் சொந்த வீட்டில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்க, வந்தவன் கோப்பை கழுவுகிறான்.

அவர்கள் பேச்சில் ஒரு பெயர் அடிக்கடி அடிபட்டது. பிக்டஸ். வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளி, முகத்தில் மூன்று சோடி மீசை, அதில் ஒரு சோடி வால்வரை நீளுமாம். அருந்ததிக்கு அதில் ஒரு கண். கிளெமென்ற் தேடாத கடையில்லை, கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைக்காத மீன் என்றதும் நவரத்தினம் காதைத் தீட்டிக்கொண்டார்.

பக்கத்து ஊரான பாமன்கடையில் ஒரு வளர்ப்புமீன் கடைக்குள் நுழைந்தார். மூலைத் தொட்டியில் ஒரு கெளுத்திக் குஞ்சு. கண்ணாடியோடு மூக்கை ஒட்டி மீசையை எண்ணினார். மூன்று சோடி. முதுகில் புள்ளி. சரி, இதுதான். விலாவில் ஒரு வெள்ளைப் பட்டி ஓடியதும், வாலில் செம்மஞ்சள் படர்ந்திருந்ததும், வாய் முகம் முழுவதற்கும் அகன்றிருந்ததும் தெரிந்தன. மீசை சரியாக இருக்கும்போது வாயைப் பற்றி என்ன கவலை? பெயர் கேட்டால் தெரியாத ஆள் என்று ஆகிவிடும், அதனால் கேட்கவுமில்லை.

“மேக்க ஹொந்தட்ட லொக்கு வெனவா, மாத்தயா” என்றார் கடைக்காரர் சிங்களத்தில். இது நன்றாகப் பெரிதாகும் என்கிறார். நவரத்தினம் தெரிந்த பாவனையில் தலையாட்டினார். நல்ல சாதி என்றால் பெரிதாகத்தானே செய்யும்.

வீட்டுக்கு வந்து பையை அருந்ததியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “ஒருத்தரிட்டையும் கேக்கேல்ல. நானே பாத்து எடுத்தனான். பிக்டஸ்.”

அருந்ததி பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு மீனை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். நல்ல வடிவு என்றாள். புது மீனைக் கொஞ்ச நாள் தனியே வைக்கவேண்டும் என்று ஒரு வாளியில் விட்டாள். அந்த வாரமே கோறிகள் தொட்டியில் இல்லை. அலுத்துப்போய் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பெரிய தொட்டி முழுவதும் இப்போது நவரத்தினத்தின் மீனுக்கு.

அவர் கால் நிலத்தில் படவில்லை. கிளெமென்றோடு சேர்ந்து கும்பிட்ட மீன்களை அவள் தூக்கி எறிந்துவிட்டாள் அல்லவா? அந்தச் சனிக்கிழமை கிளெமென்ற் வந்து தொட்டியைப் பார்த்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவனுடைய முகத்தையே பார்த்திருந்தார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தோற்றவன் என்ன சொல்லுவான்?

இந்தச் சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. ஒரு பின்னேரம் அருந்ததி தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய விரலில் இறால் மணத்தது.

அருந்ததியின் சைவம் லேசுப்பட்டதல்ல. முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் தொடமாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் மீன் பொதியோடு உட்கார்ந்தால் எழும்பி நின்று வருவாள். கல்யாணம் கட்டும்வரை கடற்கரையில் நண்டு உடைத்துத் தின்று திரிந்த நவரத்தினத்தையே மாற்றியவள் அவள். அவளுடைய விரலிலா இறால்? அடுத்த வாரம் அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. கழுவியிருந்தது, மணம் போகவில்லை. செவ்வாயுமில்லை வெள்ளியுமில்லை, பின்னேரங்களில் இவள் தலை முழுகுவது ஏன் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கிளெமென்றின் வீட்டுச் சாப்பாடு. கந்தோரில் ஒரே மேசையில் இருந்து, ஒரே டப்பாவில். தனக்காக ஒரு முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாதவள், அவனுக்காகச் சைவத்தையே விட்டுவிட்டாள். கேட்கவும் முடியவில்லை. கேட்டு, ஓம் என்று அவள் சொல்லிவிட்டால்?

கடைசியில் அதுவும் காதில் விழுந்தது. ஒரு ஞாயிறு காலை பல்கனியில் நின்று அவள் போனில் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, கிளெமென்ற். தாங்கமாட்டார்.”

நவரத்தினம் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். புறக்கோட்டைவரை பஸ், அங்கிருந்து கொட்டாஞ்சேனையில் கிளெமென்றின் வீட்டுக்கு ஓட்டோ. வழி நெடுகக் கேட்கவேண்டிய கேள்விகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனார். ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தது.

கதவைத் திறந்தவள் அவன் மனைவி மரியகொறற்றி. பூசை முடிந்து வந்த உடுப்போடு இருந்தாள். முன்பின் பழக்கமில்லாத மனிதரை வாங்கோ அண்ண என்று சிரித்து உள்ளே கூட்டிப்போனாள். சுவரோரம் ஒரு தொட்டி. அதற்குள் அருந்ததியின் கோறிகள். மீனை அவருக்கு அடையாளம் தெரியாது. ஆனால் அதற்குள் மீன்கள் ஒளிந்துகொள்ளக் கவிழ்த்து வைத்திருந்த உடைந்த தயிர்ச்சட்டி தங்கள் வீட்டுச் சட்டி. அலுத்துப்போய்க் கொடுத்த அந்த ஒருவர் இவன்தான்.

ஒழுங்குபடுத்திய கேள்விகள் எல்லாம் கலைந்துபோய் ஒன்றுதான் வாயில் வந்தது. “எனக்குத் தெரியாம நீங்கள் ரெண்டு பேரும் என்ன செய்யிறியள்?”

கிளெமென்ற் அவரை நாற்காலியில் இருத்தினான். மனைவியைப் பார்த்தான். சொல்லுங்க என்றாள் அவள்.

“அண்ண, நீங்க வாங்கினது பிக்டஸ் இல்ல. றெட் டெயில் கெளுத்தி. மூணு அடிக்கு வளரும். வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் விழுங்கும். கோறிய விழுங்கினா அதிட முள்ளு தொண்டையில இறுகி ரெண்டுமே செத்துப்போகும். உங்கட வீட்டில இருக்கிறது ஒரு தொட்டி. அதுதான் மிஸ் இதுகள இங்க கொண்டுவந்து விட்டவ.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“நான் சொல்லட்டா எண்டு கேட்டேன். வேணாம் எண்டிட்டா. ‘அவர் தானா யோசிச்சு எனக்கெண்டு வாங்கின முதல் சாமான் இது, பிழை எண்டு சொல்லமாட்டன்’ எண்டா.”

அதற்குள் மரியகொறற்றி குசினியிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தாள். உரித்த இறால். அந்த மீன் கடையில் விற்கும் பருக்கைத் தீனியில் வளராதாம், ஊன் வேண்டுமாம். உரிக்க மிஸ்ஸுக்கு மனம் வராததால் இவள் உரித்துக் கந்தோருக்குக் கொடுத்துவிடுகிறாளாம். மிஸ் அதைப் பல்கனியில் வைத்துத் தன் கையாலேயே வெட்டிப் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் தலை முழுகுகிறாவாம். எப்படியும் வந்தீர்கள், நீங்களே கொண்டுபோங்கள் என்றாள்.

கிளெமென்ற் இன்னும் ஏதோ சொன்னான். கோறி நேற்று முட்டை போட்டிருக்கிறது, மிஸ் வருடக்கணக்காக இதற்காகத்தான் காத்திருந்தவ, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டும் நவரத்தினத்துக்குப் பிடிக்காது என்று வராமலிருக்கிறா, போனில் படம் எடுத்தால் தெளிவாக விழவில்லை, ஓரிரு நாளில் பொரித்துவிடும் என்றான். தொட்டியின் பக்கம் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். நவரத்தினம் ஓம், ஓம் என்றார். பொய் சொல்கிறானா என்று அவனுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற கண் அதுவல்ல.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அருந்ததி தொட்டியடியில் நின்றாள். அவருடைய கையிலிருந்த டப்பாவைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. கோபிக்கவில்லை. டப்பாவை வாங்கிப் பல்கனியில் வைத்துவிட்டு வந்தாள். அவர் தடுமாறித் தடுமாறி, மீசையை மட்டும் எண்ணியது தன் பிழை, கைப்பையைத் திறந்தது அதைவிடப் பிழை என்று ஆரம்பித்தார்.

“அது கிடக்கட்டும்” என்றாள் அருந்ததி. முகம் சட்டென்று மலர்ந்திருந்தது. “முட்டை போட்டிருக்காம். கிளெமென்ற் காலமை சொன்னவர். நீங்கள் பாத்தனீங்கள்தானே? எங்க ஒட்டியிருக்கு? கண்ணாடியிலயோ, இலையிலயோ? எப்பிடி இருக்கு?”

நவரத்தினம் யோசித்தார். தொட்டிக்கு ஒரு முழம் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கிளெமென்றின் இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு ஞாபகம் வந்தது. சேட்டின் மேல் பொத்தான் வேறு நிறம் என்பது ஞாபகம் வந்தது. முட்டை ஞாபகம் வரவில்லை.

“நான் பாக்கேல்ல, அருந்ததி.”

“பக்கத்தில இருந்திருப்பியளே.”

“இருந்தனான்.”

கோறிகளைக் கொடுத்த அன்று அழாதவள், இறாலைத் தொட்ட கையோடு தண்ணீருக்குக் கீழே நின்றபோதும் அழாதவள், அந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். வெளிக்கிடும், இப்பவே ஓட்டோ பிடிச்சுப் போவம், இன்னும் பொரிச்சிருக்காது என்றார். செருப்பைக்கூட எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

அருந்ததி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“நான் முட்டையைப் பாப்பன்” என்றாள். “நீங்கள் அங்கயும் என்ர முகத்தையும் கிளெமென்றின்ர முகத்தையும்தானே மாறி மாறிப் பாத்துக்கொண்டிருப்பியள்?”