பல வீட்டு அரிசி

இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம். கோயிலின் பக்கத்துத் தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அமலோற்பவம் பிடி அரிசிப் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அலுமினிய அண்டாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பையைக் கவிழ்க்கப் போனவள் கையை அப்படியே நிறுத்தினாள். அதிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்துக்கு நீட்டிப் பார்த்தாள். மெலிந்த பொன்னி இருந்தது. குண்டு இட்லி அரிசி இருந்தது. பழுப்பேறிய ரேஷன் அரிசியும் பச்சரிசியும் இருந்தன. யார் வீட்டுச் சர்க்கரை வியாதிக்காரருக்கோ வாங்கிய சிவப்பு அரிசிகூட நாலு மணி கிடந்தது. "அடி ஆத்தீ" என்றாள் தனக்குத்தானே.

பிடி அரிசி என்பது அந்தப் பங்கில் நெடுநாள் பழக்கம். தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஏழைகளுக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து, காணிக்கை நேரத்தில் பீடத்தடியில் இருக்கும் கூடையில் வைக்க வேண்டும். எல்லாப் பையும் ஒரே துணியில் தைத்தவை. பெயர் கிடையாது. கொடுத்தது பெரிதா சிறிதா என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று, போன தவக்காலத்தில் இறந்துபோன பழைய பங்குச்சாமியார் செய்துவைத்த ஏற்பாடு அது. அமலோற்பவத்துக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை. பெயர் இல்லாத பையில் எவனும் எதையும் கொண்டுவந்து திணித்துவிட்டுப் போகலாமே என்பது அவள் கட்சி.

அவளுக்கு அரிசியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழங்காநத்தத்தில் அவள் வீட்டுக்காரர் அரிசிக்கடை வைத்திருக்கிறார். கல்லாவில் பாதி நேரம் இவள்தான். எந்த வீட்டிலும் ஐந்து வகை அரிசியை ஒரே பானையில் போடமாட்டார்கள். ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று பல்லில் நறுக்கென்று நிற்கும். அப்படிக் கலந்துகிடக்கிற அரிசி பங்கில் ஒரே இடத்தில்தான் உண்டு. அது சாமான் அறையில், எல்லா வீட்டு அரிசியையும் கொட்டிவைக்கிற தகர டிரம். ஆக, யாரோ அந்த டிரம்மிலிருந்து அள்ளிக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறார்கள். அதிலேயே ஒரு பிடி எடுத்து ஊர் மெச்சக் காணிக்கையும் வைக்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்குக் காது சூடானது.

அமலோற்பவத்தின் சந்தேகம் பங்கு முழுக்கப் பிரசித்தம். ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடிலில் ஆட்டுக்குட்டி ஒன்று குறைந்தபோது பாடகர் குழு மொத்தத்தையும் நிற்க வைத்து விசாரித்தவள் அவள். மறுநாள் ஆட்டுக்குட்டி வைக்கோலுக்கு அடியிலேயே கிடைத்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது யார் என்று பொங்கல் வரைக்கும் விசாரித்தாள். தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற மோனிக்கா அன்பியத்துக்கு இந்த வருஷம் அவளைத் தலைவியாகப் போட்டதும் முதல் காரியமாக, பைகளைக் கொட்டும் வேலையைக் கோயில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை சூசைமாணிக்கத்திடமிருந்து பிடுங்கித் தானே வைத்துக்கொண்டாள். பை குறைந்தால் வாசலிலேயே நின்று, "யாரு வீட்டுப் பை வரல? தினம் ஒரு பிடி எடுத்து வைக்கவா வலிக்குது?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்பாள். அதற்குப் பயந்தே பைகள் தவறாமல் வந்தன.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்புதான். சாமான் அறைச் சாவி சூசைமாணிக்கத்தின் இடுப்பில் தொங்குகிறது. மணி அடிப்பது, கதவு திறப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாம் அவன்தான். கோயிலுக்குப் பின்னால் பங்கு கொடுத்த ஓட்டு வீட்டில் பெண்சாதியோடு இருக்கிறான். இப்போது மகளும் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். வாய் கூடினால் உலையும் கூடும்தானே? அடுத்த ஞாயிறு அண்டாவை டிரம்மில் கவிழ்த்த கையோடு, உள்பக்கம் அரிசி நின்ற மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தாள். மடத்துக் கன்னியர்கள் வந்து ஏழைகளுக்கு அளந்து கொடுக்க மாதக் கடைசி ஆக வேண்டும். ஆனால் சனிக்கிழமையே அரிசி கோட்டுக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. முந்தின நாள் மத்தியானம் சூசைமாணிக்கம் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனதை அவள் கடையிலிருந்தே பார்த்திருந்தாள். என்னடா அது என்று கேட்டதற்கு, "கோழிக்குத் தவிடு தாயி" என்று சொல்லிவிட்டு மிதித்தான். அவன் வீட்டில் கோழியே கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டம் ஜெயசீலி வீட்டில் நடந்தது. வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கூடுவார்கள். அந்த வாரம் ஜெயசீலியின் முறை. ஜெயசீலி என்றால் அமலோற்பவத்துக்கு உயிர். பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறவள் அவள்தான். கஞ்சி போட்ட காட்டன் சேலையில் போய் நின்று, ஒரு சொல் தடுக்காமல் வாசிப்பாள். பங்கிலேயே தான் சந்தேகப்படாத ஒரே ஆள் என்று அமலோற்பவம் அவளிடமே சொல்லியிருக்கிறாள். புருஷன் சேசுராஜ் மஸ்கட்டில் சம்பாதித்து மாடி வீடு கட்டியவர். முதுகில் ஏதோ கோளாறு என்று திரும்பி வந்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். ஆளை வெளியில் பார்ப்பது அபூர்வம். அன்றும் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

செபமாலை முடிந்து டீ வந்தது. தொட்டுக்கொள்ள ஒரு முறுக்குகூட இல்லை. வெளிநாட்டுக் காசு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் கை வராது என்று நினைத்துக்கொண்டே, அமலோற்பவம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"நம்ம அரிசியத் திருடித் தின்னுட்டு, அதுலயே ஒரு பிடிய நமக்கே காணிக்கை வைக்கிறான். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க."

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். சூசைமாணிக்கத்தின் பெண்சாதி ஞானப்பூவின் கழுத்தில் புதுச் செயின் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அது கவரிங் என்று இன்னொருத்தி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஜெயசீலி மட்டும் டம்ளர்களைத் தட்டில் அடுக்கியபடி நின்றாள்.

"கடையில கூட்டி அள்ளுன அரிசியா இருக்கும்க்கா. வெல கம்மின்னு யாராச்சும் வாங்கியிருப்பாக."

"கடைக்காரிட்டயே கடையப் பத்திச் சொல்றியா? கூட்டி அள்ளுனா மண்ணு இருக்கும், தூசி இருக்கும். இது டிரம் அரிசி. இனி எந்தப் பையில கலந்த அரிசி வருதோ, அது களவாண்ட அரிசி. அம்புட்டுத்தான்."

"அவசரப்படாதீகக்கா. பாவம், புள்ளத்தாச்சிப் பொண்ணு வீட்ல இருக்கு."

அவளுக்கு எல்லார் மேலும் இரக்கம் என்று அமலோற்பவம் அதையும் ஜெயசீலியின் கணக்கில் நல்லதாகவே சேர்த்துக்கொண்டாள்.

மறுநாளே புதுப் பங்குத்தந்தையிடம் போனாள். வந்து ஆறு மாதம்கூட ஆகாத இளவயசுக்காரர். சாக்பீஸ் கோட்டை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார்.

"நாந்தான் எடுத்தேன் சாமி" என்றான் அவன், அழாமல், கும்பிடாமல். "எனக்கில்ல. ஒரு வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

"அதச் சொல்ல மாட்டேன் சாமி. முந்துன சாமிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். வெள்ளிக்கெழமை தவறாம குடுத்துரு, எவன் கேட்டாலும் சொல்லாதேன்னு சொன்னாரு."

அமலோற்பவம் சிரித்துவிட்டாள். "செத்தவுகளச் சாட்சிக்குக் கூப்புட்டா யாரு வந்து இல்லன்னு சொல்லப் போறா?"

சூசைமாணிக்கம் அவளை ஏறிட்டுப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டான். அந்த விழுங்கலைத் திருட்டு முழி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். ஃபாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், ஞாயிறு இரண்டாம் பூசைக்குள் அந்த வீடு எது என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். சாவி வாங்கும்போது அன்பியத்தில் இரண்டு பேர் கூட நிற்கட்டும் என்றும் சொன்னார். ஓட்டு வீட்டு வாசலில், தள்ளிய வயிற்றோடு அவன் மகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

கூட நிற்கும் இரண்டாவது ஆளாக ஜெயசீலியைத்தான் நினைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, அதைச் சொல்ல அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே காலை வைத்துவிட்டாள்.

ஜெயசீலி சன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுளகு இருந்தது. சத்தம் கேட்டுச் சட்டென்று முந்தானையை அதன் மேல் இழுத்தாள். இழுத்த வேகத்தில் முந்தானை சரிந்தது.

"கல்லு பொறுக்குறேன்க்கா."

கல் பொறுக்கினால் கல்தான் ஒரு ஓரமாக ஒதுங்கும். இங்கே அரிசியிலிருந்து அரிசி ஒதுங்கியிருந்தது. தரையில் விரித்த செய்தித்தாளில் குண்டு அரிசி ஒரு குவியல், பழுப்பு அரிசி ஒரு குவியல், பச்சரிசி கொஞ்சம். சுளகின் நுனியில் பொன்னி மட்டும் தனியே சேர்ந்திருந்தது, சிறிசாக, ஒரு குழந்தை கை அளவுக்கு. பக்கத்தில் மஞ்சள் பை வாய் திறந்து கிடந்தது.

முறுக்கு இல்லாத டீ. சாத்தியே கிடக்கும் அறைக்கதவு. அவசரப்படாதீகக்கா. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமலோற்பவத்தின் மண்டையில் அடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோயில் வாசலில் நின்று யாரு வீட்டுப் பை வரல என்று கேட்கிற தன்னுடைய குரலே அவளுக்குக் கேட்டது. வாங்கித் தின்கிற அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துவைக்க இவளை விரட்டியது அந்தக் குரல்தான். கலந்த அரிசி களவாண்ட அரிசி என்று சொல்லி, இன்றைக்கு அதையும் மணி மணியாகப் பிரித்தெடுக்க வைத்ததும் அதே குரல்தான். சே, என்ன பொம்பளை நான் என்று நினைத்தாள்.

ஜெயசீலி எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. அமலோற்பவத்தின் கையைப் பார்த்தாள், அவள் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள், கூட யாரும் நிற்கிறார்களா என்று தெருவரைக்கும் பார்த்தாள்.

"யாரு அனுப்புனா ஒங்கள?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "அந்த அண்ணே சொல்லிட்டாரா?"

"இல்ல" என்றாள் அமலோற்பவம். "அவன் வாயவே தொறக்கல."

ஜெயசீலி கண்ணை மூடித் திறந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை இதுதான் என்று அமலோற்பவத்துக்குப் புரிந்தது. இதற்கு முன்னால் யாரும் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

உள்ளறையிலிருந்து சேசுராஜின் குரல் வந்தது. "யாரு ஜெயா? அமலோற்பவம் அக்கா கொரலு மாதிரி இருக்கு."

"ஆமாங்க. சும்மா வந்தாக. இந்தா போறாக."

"இருங்கக்கா, போயிறாதீக. என்னால எந்திரிக்க முடியல, கோவிச்சுக்கிறாதீக." கட்டில் கிரீச்சிட்டது. மூச்சு வாங்கிவிட்டு அவர் தொடர்ந்தார். "நீங்க வாராவாரம் குடுத்துவிடுற அரிசியிலதான்க்கா இந்த வீட்ல ஒல கொதிக்குது. ஜெயா எல்லாம் சொன்னா. நேர்ல பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு இம்புட்டு நாளா நெனைக்கிறேன். குடுக்குறது யாரும் குடுத்துருவாக. நீங்க இதுவரைக்கும் ஒரு ஆள்ட்டக் கூடச் சொல்லல பாருங்க, அதுதான்க்கா பெருசு."

கோயில் அரிசி என்பதை மறைக்க, கடைக்கார அக்கா கொடுத்தது என்று ஜெயசீலி அவரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அமலோற்பவம் பதில் சொல்ல வேண்டும். அந்த வீடு முழுக்க அவள் பதிலுக்காகக் காத்திருந்தது. இந்த வீட்டைச் சொன்னால் சூசைமாணிக்கத்தின் வீடு தப்பும். சொல்லாவிட்டால் நாளைக்கு இதே நேரம் அந்தப் பிள்ளைத்தாச்சி, பாத்திரம் பண்டங்களோடு தெருவில் நிற்பாள்.

கோயிலில் பன்னிரண்டு மணிச் செபத்துக்கு மணி அடித்தது. சூசைமாணிக்கம்தான் அடிக்கிறான். எப்போதும் போல மும்மூன்றாக, நடுவில் இடைவெளி விட்டு, அவசரமில்லாமல் அடித்தான். உள்ளே சேசுராஜ் முணுமுணுவென்று செபிக்கத் தொடங்கினார். பழக்க தோஷத்தில் ஜெயசீலியின் கையும் தன்பாட்டில் உயர்ந்து சிலுவை போட்டது. நெற்றியிலும் மார்பிலும் இரண்டு தோளிலும், அவள் விரல் பட்ட இடமெல்லாம் அரிசி மாவு வெள்ளையாக ஒட்டியது. உதடுகள் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. கண்கள் மட்டும் மூடாமல் அமலோற்பவத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.