ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர்

என் அண்ணன் ஜெயமுருகன் பொய் சொல்ல மாட்டான். அதற்குக்கூடக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மாலத்தீவில் கன் என்கிற தீவில் ஓட்டல் சமையல்காரனாக இருக்கிறான். அம்மா கேரட் வயலில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று போனில் சொன்னேன். "அய்யோ" என்றான். பிறகு, "இங்கேருந்து மாலே ஏர்போர்ட்டுக்கே ஐநூத்தி நாப்பது கிலோமீட்டர் தேவசேனா. முழுக்கக் கடலு" என்றான். வர முடியாது என்றுகூடச் சொல்லவில்லை.

மீதிக் கணக்கை எங்கள் ஆட்களே போட்டுக்கொண்டார்கள். எங்கள் மலைக்கிராமமான கவுஞ்சிக்காரர்களுக்குத் தெரிந்த தூரம் கொடைக்கானல் பஸ் போகிற தூரம்தான். நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். நாச்சிமுத்து மாமா அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். "இருவத்தேழு மணி நேரம்த்தா. அதுவும் எங்கயும் நிக்காமப் போனா. பாவம், பய எப்படி வருவான்?" பக்கத்துக் கட்டில்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

ஆனால் ஆபரேஷனுக்கு மட்டும் அவள் மசியவில்லை. "அவன் வந்து மொகத்தக் காட்டட்டும். பெறவு அறுக்கட்டும்." மதுரையிலிருந்து எலும்பு டாக்டர் மறுநாள் வருவதாக இருந்தது. அவரை விட்டால் அடுத்த வாரம்தான், அதற்குள் எழுந்து நடக்கிற வாய்ப்பே போய்விடும் என்றார்கள். முதுகில் படுக்கைப்புண் வேறு தொடங்கியிருந்தது. துடைத்துவிடுகிற எனக்குத்தான் அது தெரியும்.

டீக்கு நிற்கும்போது சும்மா போனில் தேடிப் பார்த்தேன். கன், மாலே. தூரம் அண்ணன் சொன்னதுதான். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. மாலேயிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் விடுதிக்கு வில்பட்டியிலிருந்து வேலைக்கு வருகிற சுகன்யா, மழைநாளில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் அது. கிலோமீட்டரை மட்டும் எங்களிடம் வீசிவிட்டு, மணியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான் புண்ணியவான். இப்படிப்பட்டவனை அடித்தால்கூடக் கைதான் அசிங்கமாகும்.

அம்மாவின் தலைமாட்டில் நின்று, ஸ்பீக்கரைப் போட்டு, அவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கன்லருந்து மாலேக்கு எத்தன மணி நேரம்ணே?"

தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. "அதான் சொன்னேனே, ஐநூத்தி நாப்பது..."

"அது இங்க எல்லாருக்கும் மனப்பாடம். பிளேன்ல எத்தன மணி நேரம்? அதச் சொல்லு."

தட்டுகள் உருளும் சத்தம்தான் மறுபடி வந்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

அம்மாவின் கை வந்து போனை வாங்கிக்கொண்டது. "ராசா, ஒனக்கு ஆயிரம் சோலி கெடக்கும். வையி." போனை அணைக்கத் தெரியாது என்று எப்போதும் என்னிடம் நீட்டுகிறவள், சிவப்புப் பொத்தானைச் சரியாக அழுத்தினாள்.

"இருந்தாலும் அக்கா, இருவத்தேழு மணி நேரம்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு தம்பி." அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "நர்ஸம்மாவ வெரசா வரச்சொல்லு. எதுல ரேகை வைக்கணும்?"

மை தடவிய கட்டைவிரலை ஆபரேஷன் சம்மதத் தாளில் வைத்தவள் எடுக்கவே இல்லை. நர்ஸ் இரண்டு முறை சொன்னார். கடைசியில் நான்தான் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். தாளில் ரேகை எதுவும் தெரியவில்லை. அழுந்திப்போன ஒரு கறுப்பு வட்டம்தான் இருந்தது.