ஒன்பதாவது பெட்டிக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதையை நான் திருடினேன். உலு திராம் ஊரில் ஒரு கல்யாண விருந்தில் பாயசத்துக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பிரேமலா சொன்னது. மீட்புப் பணிக்கு ரோபோ செய்யும் பட்டறை ஒன்றில் அவர் தலைமைப் பொறியாளர். பாயசத்தையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். (பொய். இரண்டு கிண்ணம் குடித்தேன்.)

2

முதல் வரி: "பெக்கான் நானாஸில் மழை ஓய்ந்த அந்தப் பிற்பகலில், வானம்..."

வேண்டாம். வானத்தை விடுங்கள், இடிந்தது கூரைதான். அன்னாசிக் கிடங்கின் கூரை. உள்ளே லாரி ஓட்டுநர் ஜெயபாலன் சிக்கியிருந்தார். எந்த மூலையில், உயிரோடுதானா என்று யாருக்கும் தெரியாது. தப்பான இடத்தில் கை வைத்தால் மிச்சச் சுவரும் அவர்மேல் விழும்.

பிரேமலாவின் குழு ரோபோவோடு வந்தது. டிபன் டப்பா அளவில் ஒன்பது பெட்டிகள். வரிசையாகக் கோத்தால் பாம்பு, மாற்றிக் கோத்தால் நாலுகால் பூச்சி. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு கண். கோத்திருக்கும்வரை கம்பி வழியே பேசும்; கழன்றுவிட்டால் அந்தக் கண்ணின் ஒளியால்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும், சேதி கடத்தும்.

3

அந்தக் குழுவில் கம்பி பொருத்தும் வாசுகிதான் ஜெயபாலனின் மனைவி. இதை மாற்றத்தான் பார்த்தேன். இவ்வளவு தற்செயலைக் கதை தாங்காது, சினிமா என்பீர்கள். பிரேமலாவுக்குப் போன் போட்டேன்.

"வேற யாராவது மனைவியா இருக்கட்டுமே?"

"அலமாக், ஐயோ அண்ணே, அது நம்ம கையிலயா இருக்கு?"

சரி, வாசுகியே இருக்கட்டும்.

4

பாம்பு இடிபாட்டுக்குள் நுழைந்தது. பாதி வழியில் தலைப்பெட்டியான ஒன்பதாவது இடறிக் கழன்று ஒரு பொந்துக்குள் விழுந்தது. வெளியே திரையில் ஒன்பதாவது விளக்கு அணைந்தது.

"கண்ணு ஏன் தெரியல? போன வாரம் டெஸ்ட்ல நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் பிரேமலா.

வாசுகியின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, முந்தாநாள் ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் கண்ணு மேலயே நான்தான் சந்தனப் பொட்டு வச்சேன். நேத்து எட்டையும் தொடச்சிட்டேன். இதத் தொடைக்க மனசு வரல லா. முன்னால போறது, சாமி பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

(இங்கே வாசுகியைத் திட்டி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். புதுக் காரின் பின்பக்கக் கேமராமேல் பொட்டு வைத்து, கேட்டில் இடித்தவன் நான்.*)

* கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

5

அடுத்து என்ன நடக்கும் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் சோகம், மூன்றையும் கிழித்தேன். நடந்தது இதுதான்: ஒன்பதாவது விளக்கு மறுபடி பச்சையாக எரிந்தது.

"அது தானா தொடச்சிக்காது," என்றார் பிரேமலா மெதுவாக. "உள்ள யாரோ தொடச்சிருக்காங்க."

பெட்டியின் மைக் வழியே இருமல் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"யாரு லா இதுக்குப் பொட்டு வச்சது?"

வாசுகி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கூடவே அழுதாள். இதை எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

6

இடம் தெரிந்துவிட்டதால் மீட்புப் படையினர் சரியான பக்கம் வெட்டினார்கள். நாலு மணிக்கெல்லாம் ஜெயபாலன் வெளியே வந்துவிட்டார், ஒரு கால் முறிவோடு.

"வாசுகி அவரிடம் ஓடிப்போய்..."

இந்த வரி நகர மறுக்கிறது. அந்த நேரம் பிரேமலா வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிகளைத் துடைத்தாராம். முதலில் யார் பேசினார்கள், யார் யாரைத் திட்டினார்கள், அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமே இல்லை, இரண்டு பேரும்தான் இருக்கிறார்களே.