ஐம்பது நிமிட ட்ரங்க் கால்

பாலத் திறப்பு விழாவுக்கு ரிப்பன் விற்றவள் நான்தான். சிவப்பு சாட்டின், நாற்பது கஜம். மறுநாள் காலை எட்டு மணிக்கு மந்திரி அதை வெட்டியதும் முதலில் பாலம் ஏறப்போவது பள்ளிக்கூடப் பஸ். அதில் நாற்பது பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி என் மகள். விழாவுக்கு முந்தின நாள் பகல் பன்னிரண்டரை வரை எனக்கு இதில் பெருமையோ பெருமை.

பன்னிரண்டரைக்கு என் தம்பி கடைக்குள் நுழைந்தான். நகரத்தில் ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர் அவன். பாலம் கட்டிய கம்பெனி ஏழு நிருபர்களைப் பஸ் வைத்து வரவழைத்திருந்தது. மற்ற ஆறு பேரும் கம்பெனி விருந்தில் இரண்டாம் சுற்றில் இருக்க, இவன் மட்டும் கம்பெனி நிருபர்களுக்குக் கொடுத்த இரண்டு அறிக்கைத் தாள்களை என் கல்லா மேல் விரித்தான்.

"போன வாரம் குடுத்தது இது. இன்னிக்குக் குடுத்தது இது. ஒரு வரி காணோம் பாரு, அக்கா."

பார்த்தேன். மணல் ஏற்றிய ஆறு லாரிகளை இன்று காலை முழுக்கப் பாலத்தின் நடுவில் நிறுத்திச் சோதிப்பதாகப் போன வாரத் தாள் சொன்னது. இன்றைய தாளில் லாரியே இல்லை. என் கடை வாசல் பாலத்தைப் பார்த்தது. காலையிலிருந்து அதன் மேல் ஒரு சைக்கிள்கூட ஏறவில்லை.

என் மகளை நான் வீட்டில் நிறுத்திக்கொள்ளலாம். மற்ற முப்பத்தொன்பது பேரை யார் நிறுத்துவது?

பொறுப்பான ஒருவர் வாய் திறக்காமல் ஆசிரியர் அச்சில் ஏற்ற மாட்டார் என்றான் தம்பி. பாலத்தின் இன்ஜினியர் திடீர்க் காய்ச்சலில் வீட்டோடு இருக்கிறாராம். அவரைப் பிடிக்க வேண்டும். பத்திரிகை அச்சுக்குப் போவது இரண்டு மணிக்கு. எங்கள் ஊரில் வெளியூர் பேச ஒரே போன், தபாலாபீஸ் கூண்டுக்குள். ஒருமுறை லைனை விட்டால் மறுபடி கிடைக்க ஒன்றரை மணி நேரம்.

தம்பி காலையிலேயே பதிந்து வைத்திருந்த லைன் ஒரு மணி ஐந்துக்குக் கிடைத்தது. ரிசீவரை என் கையில் திணித்தான். "நான் வர்ற வரைக்கும் பேசிட்டே இரு. வாயை மூடினா ஆபரேட்டர் லைனைப் பிடுங்கிடுவா."

துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவளிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா?

மறுமுனையில் பத்திரிகை ஆபீசின் டைப்பிஸ்ட் அம்மா. நிருபர்கள் போனில் சொல்லச் சொல்ல டைப் அடிப்பதுதான் அவருக்கு வேலை. நான் சுங்கடிப் புடவையில் ஆரம்பித்து, சாயம் போகாத பாப்ளினுக்கு வந்து, என் மாமியாரைத் தொட்டபோது மணி ஒன்று இருபது. அந்தப் பக்கம் "ம்... ம்..." என்ற சத்தம். அதன் பின்னால் ஏதோ டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இஸ்திரி வந்தார்.

கம்பெனியின் செய்தித் தொடர்பு அதிகாரிக்கு நான் வைத்த பெயர் அது. எந்த வெயிலிலும் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. ஒரு காலத்தில் என் தம்பியின் பத்திரிகையிலேயே தலைமை நிருபராக இருந்தவர். முன்பெல்லாம் கம்பெனிக்காரர்கள் நிருபரைக் கண்டால் நாயை அவிழ்த்து விடுவார்களாம். இவர்தான் முதலாளிக்குப் புத்தி சொன்னாராம்: நாயைக் கட்டுங்க, நாற்காலியைப் போடுங்க, செய்தியை நாமே எழுதிக் குடுத்துடலாம். அன்றிலிருந்து யாருக்கும் கடியும் இல்லை, செய்தியும் இல்லை.

லைன் பிடித்துவைக்கும் வித்தை அவர் காலத்தியது. கூண்டுக்குள் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கதவைத் திறந்து, விருந்து ஆறுகிறது என்றார். நான் விரதம் என்றேன். அவசரமாக ஒரு போன் பேச வேண்டும் என்றார். எனக்கும்தான் என்றேன். அடுத்ததாக யூனிஃபார்ம் பேச்சை எடுத்தார்: கம்பெனி ஆட்கள் அத்தனை பேருக்கும் என் கடைத் துணி, இப்போதே வந்தால் கையெழுத்து.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். பேரம் என்பதும் பேச்சுத்தானே? ரிசீவரை வாயருகே வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். எத்தனை ஆள்? எத்தனை வருஷம்? முழுக்கையா, அரைக்கையா? அவர் ஒரு வருஷம் என்றார், நான் ஐந்து என்றேன். அவர் இரண்டு என்றார், நான் தொப்பியையும் சேர்க்கச் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு ஏறியபோது மணி ஒன்று நாற்பது. அவர் நெற்றியில் வியர்வை.

"சார், ஒரு போனுக்கு மூணு வருஷ ஆர்டரா? சரக்கு இவ்வளவு சல்லிசா வந்தா எங்கப்பா முதல்ல கிழிசலைத் தேடுவாரு. உங்க கிழிசல் எங்கே?"

"கிழிசல் ஒண்ணும் இல்ல மேடம். லாரி வந்து சேரல, அவ்வளவுதான். மந்திரி தேதியை மாத்த முடியுமா? அடுத்த வாரம் லாரியை ஏத்திப் பாத்துக்கலாம்."

"அதுக்கு முன்னாடி பிள்ளைங்களை ஏத்திப் பாக்கறீங்களா?"

ஒன்று ஐம்பதுக்குத் தம்பி மூச்சிரைக்க வந்து நின்றான். இன்ஜினியர் வீட்டில் பூட்டு. காய்ச்சல்காரரைக் காலை வண்டியிலேயே வெளியூருக்கு அனுப்பிவிட்டார்களாம். அவன் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச்சே நின்றது. இஸ்திரி கைக்குட்டையை எடுத்து நிதானமாக நெற்றியைத் துடைத்தார்.

ரிசீவருக்குள் டைப்பிஸ்ட் அம்மாவின் குரல் கேட்டது. "கடைசி வரி சரியா விழல. லாரியை அடுத்த வாரம்தானே ஏத்திப் பாக்கறதா சொன்னார்?"

அந்த அம்மா இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். ரிசீவரில் குரல் கேட்டால் விரல் தானாக ஓடும். என் மாமியாரைக்கூட விடவில்லை, மொத்தம் பதினொரு தாள்.

அவர் கேட்டதை அப்படியே தம்பியிடம் சொன்னேன். தம்பி ரிசீவரை வாங்கி, அந்த வரியைத் திரும்பப் படிக்கக் கேட்டுக்கொண்டு, இஸ்திரியைப் பார்த்தான். "சார், சொன்னீங்களா, இல்லையா? இல்லைன்னா மறுப்பையும் சேத்துப் போட்டுடறேன்."

மணி ஒன்று ஐம்பத்து நாலு. அவர் பாலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் பழைய தலைமை நிருபர்தான் பேசினார்.

"லாரி வந்து சேரலன்னுதான் சொன்னேன். மறந்துட்டோம்னு போட்டுடாதே. மேற்கோள்னா மேற்கோள் மாதிரி இருக்கணும்."

நாலு மணிக்கு நகரத்தில் பத்திரிகை கைக்குக் கை பறந்ததாம். ஆறு மணிக்கு மந்திரிக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் காலை மற்ற ஆறு பத்திரிகைகளிலும் ஒரே மாதிரி வரிகள்: மக்கள் பாதுகாப்பே முக்கியம் என்று கருதி கம்பெனி தானாகவே விழாவை ஒத்திவைத்தது. இஸ்திரிதான் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் லாரிகள் வந்தன. நாலாவது லாரி ஏறியதும் பாலத்தின் நடுப்பகுதி நாலு விரற்கடை இறங்கியது. கரையில் என் பக்கத்தில் நின்ற இஸ்திரி சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குதும்மா" என்றாள்.

பாலத்தைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் பழைய ரிப்பன் மழையில் நனைந்து வெளுத்துவிட்டது. புதிதாக நாற்பது கஜம் வாங்க இஸ்திரியே என் கடைக்கு வந்தார். பழைய விலைக்குக் கேட்டார்.

நான் அவருக்கு நாற்காலியைப் போட்டேன்.