லப்டொப் திருத்திய கிழமை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பது வருடம் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போய்வந்து, காப்புறுதிக் கந்தோரில் ஓய்வு பெற்றவன் நான். ஆனால் ஞாயிறு பகல் ஒரு மணி அடித்தால், பனி கொட்டும் தெருக்களில் பதினெட்டுச் சில்லு லொறி ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு முன்னால் போகும் லொறி என் மகன் ஜனாவுடையது. அவன் மெல்பேர்னில் இருந்து ஓட்டுவான். நான் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், சாமித்தட்டுக்குக் கீழே உள்ள மேசையில் லப்டொப்பை வைத்து ஓட்டுவேன். இந்த வீட்டோடு அவனுக்கு மிஞ்சியிருந்த தொடர்பு அந்த விளையாட்டு மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவப் பெண் ரொஷேலைக் கட்டப்போவதாக அவன் சொன்னபோது, என் மனைவி அருந்ததி தனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் வாயே திறக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன். கலியாணம் முடித்து எட்டு மாதம் கழித்து, ஜனா இந்த விளையாட்டை எனக்கு அனுப்பினான். இதில் முகம் பார்க்கத் தேவையில்லை. வளைவு வருகிறது, மெதுவாக வாருங்கள் என்பான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நேரம் அருந்ததி பாத்திரம் கழுவவென்று குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தபடி நான் ஹெட்போனை மாட்டுவேன்.

தைப்பொங்கலுக்குப் பிறகு லப்டொப் சூடாகத் தொடங்கியது. பத்து நிமிடம் ஓடினால் உள்ளே விசிறி கத்தும், படம் விட்டுவிட்டு வரும், என் லொறி ஊர்ந்துகொண்டு போகும். ஜனா தெருவோரம் நிறுத்திக் காத்திருப்பான். நான்கு மூலைக்கும் போத்தல் மூடி வைத்து உயர்த்திப் பார்த்தேன். மேசை விசிறியைத் திருப்பிவிட்டேன். படத்தின் தரத்தைக் குறைக்கச் சொன்னான், குறைத்தேன். விளையாட்டில் பனி காணாமல் போனதே தவிர சூடு குறையவில்லை.

இதில் என் திருகுதாளமும் ஒன்று உண்டு. ஜனா இரண்டு தரம் ரொஷேலின் கதையை எடுத்தான். இரண்டு தரமும் நான் லப்டொப்பைப் படக்கென்று மூடிவிட்டு, சூட்டில் நின்றுவிட்டது என்று எழுதி அனுப்பினேன். குசினிக்குள் இருப்பவளுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

போன ஞாயிறு மூன்றாம் தரம்.

"அப்பா, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். ரொஷேலுக்கு..." என்றான்.

இந்த முறை நான் கேட்கத்தான் இருந்தேன், சத்தியமாக. விசிறி ஊளையிட்டது, திரை கறுத்துப்போனது. மேசையில் ஓங்கிக் குத்தினேன். லப்டொப்புக்குத் திரும்ப உயிர் வர அரை மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் ஜனா போய்விட்டான். சூட்டில் நின்றுவிட்டது என்று எழுதினேன். அவன் அதைப் பார்த்தது தெரிந்தது, பதில் வரவில்லை.

எனக்கு நித்திரை போய்விட்டது. ரொஷேலுக்கு என்ன, ஏதும் நோய் வருத்தமா, வேலை போய்விட்டதா? அடுத்த ஞாயிறுக்குள் லப்டொப் சரிவர வேண்டும் என்பதே மண்டைக்குள் சுற்றியது. செவ்வாய்க்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு காலி வீதியில் உள்ள நப்ரீஸின் திருத்தும் கடைக்குப் போனேன். அவர் அடிமூடியைக் கழற்றி, விசிறியை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். கறுப்பாகப் பிசின் மாதிரி ஒன்று அப்பியிருந்தது, அதன்மேல் வெள்ளைப் பொடி.

"அங்கிள், இது தூசி இல்ல. சாம்பிராணிப் புகை பிடிச்சீக்குது. மேல திருநீறு. யாரோ நேரா இதுக்கே காட்டீக்கிறாங்க."

சனிக்கிழமை வந்து எடுக்கச் சொன்னார். ஏச்சைத் தயாராக வைத்துக்கொண்டுதான் படியேறினேன். அருந்ததி மறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையில காட்டுறனான். பிள்ளை அதுக்குள்ளாலதானே வாறான்," என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கள் ஹெட்போனைப் போட்டால், நீங்கள் சிரிக்கிறது மட்டும்தான் குசினிக்குக் கேக்கும்," என்றாள்.

இத்தனை நாள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

இன்று ஞாயிறு. லப்டொப் சத்தமில்லாமல் ஓடியது, பனியும் திரும்ப வந்துவிட்டது. லொறியைத் தெருவோரம் நிறுத்திக் காத்திருந்தேன். இரண்டு மணியாகியும் ஜனா வரவில்லை. குசினிக் கதவைத் திறந்துகொண்டு அருந்ததி வந்து பக்கத்தில் இருந்தாள். நான் சொன்ன இரண்டு பொய்யையும், பிறகு உண்மையாகவே நின்றுபோனதையும் அவளுக்குச் சொன்னேன். இனி நான் சொன்னால் அவன் நம்பமாட்டான் என்றேன். அவள் என் கைபேசியை எடுத்து, அவனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி," என்றாள், இரண்டு வருடத்துக்குப் பிறகு. "அண்டைக்கு மிசின் உண்மையாத்தான் நிண்டது. நான்தான் திருநீறு போட்டுப் பழுதாக்கினனான். அப்பாவில பிழை இல்லை."



"தெரியும் அம்மா. விசிறி கத்தினது எனக்கும் கேட்டது. முந்தி ரெண்டு தரமும் கத்தேல்லை, அதுவும் தெரியும்." அவன் குரல் களைத்திருந்தது. "இந்தக் கிழமை முழுக்க அப்பா என்ன செய்தவர்?"

"லப்டொப்பைத் திருத்தினனான்," என்றேன்.

"ஒரு கோல் எடுத்து, என்னடா சொல்ல வந்தனீ எண்டு கேட்டிருக்கலாம்தானே அப்பா."

ஏழு நாளும் கைபேசி என் சட்டைப் பையில்தான் கிடந்தது. அருந்ததி கைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"என்னடா சொல்ல வந்தனீ?" என்று கேட்டேன்.

"ரொஷேலுக்கு நாலு மாசம் எண்டு சொல்ல வந்தனான்," என்றான். "வியாழக்கிழமை கலைஞ்சு போச்சு."

அருந்ததி என் கையைப் பிடித்தாள். அந்த ஞாயிறே கேட்டிருந்தால், நான் நாலு நாளாவது ஒரு பேரப்பிள்ளைக்கு அப்பப்பாவாக இருந்திருப்பேன்.