மூக்கைப் பதினொரு முறை வரைந்தவள்

படம் வரையும் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனியில் தங்கைக்கு வேலை. திரையில் நாற்பது பட்டன் இருந்தால் அதை நாலாகக் குறைப்பதுதான் அவள் பிழைப்பு. புதிதாக வருகிறவன் மிரண்டு ஓடிவிடக் கூடாது பாருங்கள். அக்கா அவளை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவாள்.

அக்கா புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். தங்கையின் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு புதுப் பதிப்பு வந்ததும் முதலில் வரைந்து பார்த்து, முதலில் குறை சொல்வதும் அவள்தான்.

"ஒரு தட்டு தட்டினா மூஞ்சி அதுவா அழகாயிடுதுடி. யாரு கேட்டா? எனக்குக் கோணலா வேணும்னா கோணலா வரைய விட மாட்டேங்குதே!"

"எல்லாரும் உன்ன மாதிரி வேலவெட்டி இல்லாமயா உக்காந்திருக்காங்க?" என்பாள் தங்கை.

சண்டை சாப்பாட்டு மேசை வரைக்கும் வரும். அக்காவின் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

அந்த அக்கா எட்டு மாதத்துக்கு முன்னால், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு தட்டிக் கேட்க ஆளில்லை. தங்கை இஷ்டத்துக்குப் பட்டன்களை வெட்டித் தள்ளினாள். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த பதிப்பு. படத்துக்குக் கீழே இருக்கும் ஒரு பட்டையைத் தூக்கிவிடுவதாக முடிவு. அதை இடது பக்கம் இழுத்தால் படம் கோடு கோடாகக் கலைந்துகொண்டே போகும். வலது பக்கம் நகர்த்தினால் வரைந்த வரிசையிலேயே திரும்பி வரும். யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை, இடத்தை மட்டும் அடைக்கிறது என்று தூக்கச் சொன்னதே தங்கைதான். புதுப் பதிப்பில் ஒரு படத்தைத் திறந்தால், முடிந்த படம் மட்டும்தான் மிஞ்சும். வரைந்த வழி அழிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அத்தான் போன் செய்தார். கணக்கு வாத்தியார். படம் என்று அவர் போட்டதெல்லாம் முக்கோணம்தான்.

"ஏம்மா, புதுசு வருதுன்னு திரையில போட்டிருக்கு. அந்த இழுக்கிற பட்டை இருக்குமில்ல?"

"அது உங்களுக்கு எதுக்கு அத்தான்?"

அவர் போனை வைத்துவிட்டார். தங்கை ஆபீசுக்குப் போகாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

அக்காவின் மேசையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பாதி வரைந்த முகம். தங்கையின் முகம்.

"காய்ச்சல் வர்றதுக்கு மொத நாள் முடிச்சா. உன் பொறந்த நாளுக்காம். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னா." அத்தான் பட்டையை நகர்த்தினார். ஒரு மூக்கு வந்தது, போனது, இன்னொன்று வந்தது. "பதினோரு தடவை. 'உள்ளபடி போட்டா அடிக்க வருவா'ன்னு சிரிச்சுகிட்டே அழிச்சா. இங்க பாரு, கோடு ஒதறியிருக்கா? டீ கொண்டாந்தவன் அவ முழங்கையில இடிச்சுட்டேன். நல்லாத் திட்டு வாங்கினேன்."

ஒரு தட்டு தட்டியிருந்தால் அழகான மூக்கு ஒன்று வந்திருக்கும். இந்தப் பதினொன்றும் வந்திருக்காது. தங்கை அழுதாள். அழுதுகொண்டே மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் பட்டை இருக்கட்டும்."

"நீங்கதானேம்மா தூக்கச் சொன்னீங்க?"

"ஆமா சார். தப்பா சொல்லிட்டேன். என் தப்புன்னே எழுதித் தர்றேன். புதுசை வெள்ளிக்கிழமை விட வேணாம்."

அவர் கத்திவிட்டு, கடைசியில் சரி என்றார். தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முழுசா ஓட்டுங்க அத்தான். முடிச்சது எப்படியிருக்குன்னு பாக்கறேன்."

அவர் விரல் பட்டைமேல் நின்றுவிட்டது.

"நான் கடைசி வரைக்கும் போனதில்லம்மா. நடுவுலயே நிறுத்திடுவேன். அவ இன்னும் வரைஞ்சுகிட்டு இருக்கற மாதிரி இருக்கும்."

தங்கை நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப மொதல்லேர்ந்து போடுங்க அத்தான்," என்றாள்.